மாலத்தீவில் ஒரு தனித்தீவு ரிசார்ட்: முதல்முறை போகிறவர்களுக்கு

மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து அப்படித்தான். தீவு முழுக்க அந்த ஒரு விடுதிதான்; ஊர் கிடையாது, வெளியே போய்ச் சாப்பிட ஒரு கடை கிடையாது. சின்னத் தீவு என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரையோரமாகவே நடந்து சுற்றிவிடலாம். அதனால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் விட்ட எதையும் அங்கே போய்ச் சரிசெய்ய வழி இல்லை.

1. அறைப் படத்தைப் பார்க்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் வில்லாவின் படத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது தலைநகர் மாலேக்குப் பக்கத்திலுள்ள வேலானா விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவு எவ்வளவு தூரம் என்பதை. வடக்கு மாலே, தெற்கு மாலே அடோல்களில் (அடோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) இருந்தால் பெரும்பாலும் ஸ்பீட்போட்டிலேயே போய்விடலாம், இரவில் இறங்கினாலும் கவலை இல்லை. அதற்கு அப்பால் என்றால் கடல்விமானம், அல்லது உள்நாட்டு விமானமும் அதன்பின் படகும்.

கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் வேலானாவில் இறங்கும்படி டிக்கெட் எடுப்பது நல்லது. எங்கள் முதல் பயணத்தில் விமானம் தாமதமாகி ஐந்து மணிக்குத்தான் இறங்கினோம். அன்றிரவு பக்கத்து ஹுல்ஹுமாலேயில் அறை தேட வேண்டியதாயிற்று. தீவில் முன்பணம் கட்டியிருந்த முதல் இரவு போனது போனதுதான். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்ற அளவும் உண்டு. ஆனாலும் வசதி இருந்தால் ஒருமுறை அதில் போய்ப் பாருங்கள். விமானி பல நேரம் வெறுங்காலோடுதான் ஓட்டுவார்; கீழே நீல நிறத்தில் வளையம் வளையமாக அடோல்கள் தெரியும். அடோல் என்ற சொல்லே இவர்களுடைய திவேஹி மொழி உலகுக்குக் கொடுத்ததுதான்.

2. உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். இருவருக்கு ஓர் இரவு 300 டாலர் என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 330. அதன்மேல் சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம். இப்போது 386. பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இருவருக்கு 24. ஆக, 410 டாலர். கடல்விமானக் கட்டணம் தனி. இருவர் போய்வர ஆயிரம் டாலரைத் தொடுவதும் உண்டு. "வரிகள், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சேர்ந்த திட்டத்தையே எடுங்கள். வேறு கடை இல்லாத இடத்தில் வேளாவேளைக்குக் காசு கொடுப்பது கட்டுப்படியாகாது. சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. காலம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, விலை அதிகம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, விலை குறைவு. ஆனால் பா அடோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூடுவது அந்த மழைக்காலத்தில்தான். அங்கே ஸ்நார்கெல் (முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் போட்டு நீர்மேல் மிதந்து பார்ப்பது) மட்டும்தான், ஸ்கூபாவுக்கு (காற்றுருளையோடு மூழ்குவது) அனுமதி இல்லை.

4. காகிதங்களும் பெட்டியும்

சுற்றுலா விசாவை இறங்கும்போதே இலவசமாகத் தருகிறார்கள். ரிசார்ட் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற பயணி விவரப் படிவத்தை அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை; பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். மது, பன்றி இறைச்சி, மின்சிகரெட் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ரிசார்ட்டில் மது விற்பார்கள் என்பது வேறு விஷயம்.

5. தீவில் முதல் காலை

முதலில் கடிகாரம். மாலத்தீவு நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி பின்னால். சில தீவுகள் தமக்கென்று ஒரு மணி முன்னால் தள்ளியும் வைத்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடல். நீச்சல் தெரியாதவர்கள் கரையிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. உயிர்காப்பு அங்கியும் முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் வாங்கிக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் நீரில் வைத்து குழாய்வழி வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். முதல் இரண்டு நிமிடம் திணறும். நிமிர்ந்து நின்று மறுபடி வையுங்கள். மூச்சு நிதானமான பிறகு ஆளோடு சேர்ந்து பவளத்திட்டின் ஓரம்வரை போகலாம். எங்கே இறங்க வேண்டும், இன்று நீரோட்டம் எந்தப் பக்கம் என்று ஸ்கூபா நிலையத்தில் கேட்காமல் இறங்காதீர்கள்.

பவளத்தின்மேல் கால் வைக்கவே வேண்டாம். அது உயிருள்ள ஒன்று. 1998-லும் 2016-லும் கடல் சூடேறி இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தன. மிச்சம் இருப்பதும் புதிதாக வளர்வதும் விரல்நீளம் விரல்நீளமாகத்தான் எழும்புகின்றன. நம் ஒரு மிதியில் அதன் பல வருட வளர்ச்சி போய்விடும்.

காலை உணவில் மஸ் ஹுனி இருந்தால் தவறவிடாதீர்கள்: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, கூடவே ரொட்டி. நம் ஊரில் மாசி என்று சம்பலுக்கு இடிக்கிறோமே, அந்தக் கருவாட்டின் தாய்வீடு இதுதான்.

6. கிளம்பும் நாள்

ஸ்கூபா செய்திருந்தால் கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் விடுங்கள். கடல்விமான நேரத்தை முந்தின நாள் மாலைதான் சொல்வார்கள். பில்லை அன்றிரவே சரிபார்த்துவிடுங்கள். கரையில் பொறுக்கிய சிப்பியையும் பவளத்துண்டையும் குழந்தைகளின் பையிலிருந்து எடுத்து அங்கேயே போட்டுவிடுங்கள். நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதி இல்லை. மாசி வேண்டுமானால் மாலேயில் வாங்கலாம்.