ஃபோர் வீல் டிரைவ் வண்டி: செம்மண்ணும் கண்மாயும் உள்ள ஊரில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை அடைமழை ஓய்ந்து, தை பிறந்ததும் கண்மாய்த் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கும். மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடக்கும். அரை அடிக்குக் கீழே கரம்பை என்னும் வண்டல் களிமண் இன்னும் வெண்ணெய்போல இளகியே இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் அந்த நாட்களில் அடிக்கடி காணும் காட்சி இது: வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத வண்டி ஒன்று அச்சு வரை புதைந்து, பக்கத்து வயல் ட்ராக்டருக்காகக் காத்து நிற்கும். வண்டியின் பெயர்தான் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. காரணங்கள் பழையவை, இன்று ஓட்டத் தெரிந்தவர்களும் ஒரு காலத்தில் அதே தவறுகளைச் செய்தவர்கள்தான்.

கடன் வட்டி, சர்வீஸ் நிலையம் எவ்வளவு தூரம், ஓட்டிப் பார்த்து வாங்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். அவை எந்தக் காருக்கும் பொது. செட்டிநாட்டுத் தரைக்கு வண்டி தேடுபவர் நினைவில் கொள்ள வேண்டியவை நான்கு: செம்பாறையும் சரளையும் கலந்த மேடு, கண்மாய்க் கரம்பை, மணிமுத்தாறு, பாம்பாறு போன்ற ஆறுகளின் மணல், எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேல முள். செங்குத்தான மலைப்பாதை இங்கே அரிது. பனிமலையில் எடுத்த விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், தேவையில்லாத வசதிக்குப் பணம் போய், தேவையானது இல்லாத வண்டிதான் வீட்டுக்கு வரும்.

## “இப்போதைக்கு டூ வீல் டிரைவ் எடுப்போம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்”

பெரும் பணத்தை விழுங்கும் தவறு இதுதான். இத்தனை பேர் பட்டும் இன்னும் நடக்கிறதே என்று மனம் பொறுக்காத தவறும் இதுதான்.

மஹிந்திரா தார் 2020 அக்டோபரில் புதிய உருவில் வந்தபோது ஃபோர் பை ஃபோராக, அதாவது நான்கு சக்கரமும் இயங்கும் வகையாக மட்டுமே வந்தது. 2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கத்தில் மட்டும் ஓடும் வகையும் சேர்ந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். உள்ளே இரண்டும் வேறு வண்டிகள். டீசலில் இன்ஜினே வேறு: ஃபோர் பை ஃபோரில் 2.2 லிட்டர், பின்சக்கர வகையில் வரிச் சலுகைக்கு ஏற்ற 1.5 லிட்டர். தார் ராக்ஸிலும் இரண்டு வகை உண்டு. அங்கே ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டுமே கிடைக்கிறது.

ஊர்ச் சாலையில் ஓட்டவும், வாரம் ஒருமுறை தோப்புக்குப் போய்வரவும் பின்சக்கர வகை நல்ல வண்டி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் “முன் அச்சை அப்புறம் பட்டறையில் மாட்டிக்கொள்ளலாம்” என்ற கணக்கோடு அதை வாங்குகிறார்களே, அந்தக் கணக்கு எங்கும் தேறுவதில்லை. மாற்ற வேண்டிய பட்டியலைப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி), அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம், கியர் பாக்ஸின் பின் கூடு, முன்பக்கப் புரொப்பல்லர் ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல் (ஓர் அச்சின் இரு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்தொகுதி), இரண்டு அரை ஷாஃப்ட்டுகள், அவை நுழையும் பல்வரிசை கொண்ட ஹப், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள். இவ்வளவும் பொருந்தினாலும் முன் அச்சின் பல்விகிதமும் பின் அச்சின் பல்விகிதமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். சிறிது மாறினாலும் இரண்டு அச்சும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, பலவீனமான பல் எதுவோ அது உடையும். பிறகு சக்கரம் பூட்டாமலும் வண்டி சறுக்காமலும் காக்கும் ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. கணினிக்குப் புது அமைப்பு வேண்டும். கூட்டிப் பார்த்தால், முதலிலேயே ஃபோர் பை ஃபோர் வாங்கியிருந்தால் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய தொகையை எளிதாகத் தாண்டிவிடும்.

பணத்தோடு போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வாரண்டி போகும், ஆர்.சி.யில் சிக்கல் வரும், விபத்து நேர்ந்தால் காப்பீடு கையை விரிக்கும்.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. ‘ஆல் வீல் டிரைவ்’ என்ற எழுத்தைப் பார்த்து, நான்கு சக்கரமும் சுற்றினால் போதும் என்று வாங்குவது. நகரத்துக்கான சிறு எஸ்.யூ.வி.களில் வரும் அமைப்பு, முன்சக்கரம் வழுக்கும்போது ஒரு கிளட்ச் இணைப்பின் வழியே கொஞ்சம் விசையைப் பின்னுக்கு அனுப்பும். மழையில் நனைந்த தார்ச்சாலைக்கு அது அருமையான உதவி. கண்மாய் மணலில் ஐந்து நிமிடம் தொடர்ந்து உறுமினால் அந்த இணைப்பு சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பின்சக்கர விசையை நிறுத்திவிடும். மண், மணல், பனி என்று குமிழில் எழுதியிருக்கும் ‘டெரைன் மோட்’ டூ வீல் டிரைவ் வண்டிகளிலும் வருகிறது. அங்கே அது ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றியமைக்கும் நிரல்தான். ஒரு சக்கரத்தைக்கூட அது கூடுதலாகச் சுற்றவைக்காது.

நீங்கள் உண்மையில் தேடுவது ‘ஃபோர் லோ’. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் இரண்டாவது பல்தொகுதி அது. பெரும்பாலான வண்டிகளில் வேகத்தை 2 முதல் 2.7 மடங்கு குறைத்து, இழுவிசையை அதே அளவு கூட்டும். முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மணிக்கு 6, 7 கி.மீ. ஊரும் வண்டி, லோவில் போட்டால் 3 கி.மீ. அளவில் ஊரும். செம்பாறைப் படியில் சக்கரத்தை வைத்து, கிளட்ச்சை முழுவதும் விட்டுவிட்டு, நடக்கிற வேகத்தில் ஏறலாம். லோ இல்லாத வண்டியில் அதே படியை ஏறக் கிளட்ச்சைப் பாதி மிதித்துக்கொண்டே உறும வேண்டும். கருகிய வாடை வந்துவிட்டால் கிளட்ச் தட்டுக்கு ஆயுள் அதிகமில்லை. இறக்கத்திலும் அப்படித்தான்: லோவில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பிரேக்கை மிதித்து, சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

முன்பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள்: முன் அச்சை நோக்கி ஒரு ஷாஃப்ட் போகிறதா, முன்பக்கம் டிஃபரன்ஷியல் கூடு தெரிகிறதா? இரண்டு, உள்ளே இரண்டாவது கியர்க்கம்பியிலோ குமிழிலோ ஃபோர் ஹை (வழக்கமான வேகத்தில் நான்கு சக்கர இயக்கம்), ஃபோர் லோ இரண்டும் இருக்கின்றனவா? மூன்று, விற்பனைச் சீட்டில் வண்டியின் வகைப்பெயர் முழுதாக எழுதியிருக்கிறதா? விற்பவர் வாய்ச்சொல்லாக ‘ஃபோர் பை ஃபோர்தான் சார்’ என்றால் போதாது.

## கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணை மட்டும் பார்ப்பது

தார் 226 மி.மீ., மாருதி ஜிம்னி 210 மி.மீ. என்று எண்களை ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்த எண் வண்டியின் மிகத் தாழ்ந்த ஓர் இடத்தைச் சொல்கிறது. அந்த இடம் எது என்று தெரிந்தால்தான் எண்ணுக்குப் பொருள். முழு அச்சு உள்ள வண்டிகளில் அது பெரும்பாலும் டிஃபரன்ஷியல் உருண்டை. கண்மாய்க்குள் இறங்கும் தடங்கள் ட்ராக்டர் போட்டவை. சேறு காய்ந்ததும் இரண்டு பள்ளமும் நடுவில் இறுகிய வரப்புமாக நிற்கும். பள்ளத்தில் சக்கரத்தை விட்டால் அந்த உருண்டை வரப்பில் உட்கார்ந்துகொள்ளும், நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும். சஸ்பென்ஷனை உயர்த்தும் கிட் போட்டால் உடல்தான் உயரும், உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வழி, பெரிய டயர் ஒன்றே. தடத்தை விட்டு விலகி, ஒரு பக்கச் சக்கரத்தை நடு வரப்பிலும் மறு பக்கத்தை வெளியிலும் வைத்து ஓட்டுவது செலவில்லாத தீர்வு.

சக்கர இடைவெளியையும் பாருங்கள். தார் 2,450 மி.மீ., ஐந்து கதவு ஜிம்னி 2,590, தார் ராக்ஸ் 2,850, ஹைலக்ஸ் 3,085. வண்டி நீளம் கூடக்கூட, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேட்டில் வயிறு தட்டும். ஆனால் நீண்ட வண்டி சரிவில் ஆட்டமில்லாமல் நிற்கும், மூட்டையும் ஏற்றலாம். தோப்பு வேலைக்கு நீளம், தடம் தேடிப் போவோருக்குக் குட்டை.

கண்மாய்க் கரையை ஏறிக் கடந்து வண்டியின் திறமையைச் சோதிக்காதீர்கள். சக்கரம் அறுத்த தடத்தில்தான் அடுத்த மழையில் கரை கரையும்; அந்தத் தண்ணீரை நம்பி ஓர் ஆயக்கட்டே இருக்கிறது.

## எடையை மறப்பது

மணலிலும் கரம்பையிலும் எடைதான் எதிரி. ஜிம்னி ஏறக்குறைய 1,200 கிலோ. ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் இரண்டு டன்னைத் தாண்டும். காய்ந்த பாளத்தின் மேல் முன்னது கடந்துபோன இடத்தில் பின்னது உடைத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய. இறங்குமுன் கம்பு ஒன்றைக் குத்திப் பாருங்கள். ஒரு சாண் தாண்டித் தடையில்லாமல் இறங்கினால் அந்த இடம் எந்த வண்டிக்கும் வேண்டாம்.

## பெரிய இன்ஜின்

தேவையில்லை. லோ இருந்தால் 1.5 லிட்டர் பெட்ரோலே போதும்.

## லாக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் விடுவது

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுற்றவைக்கத் தேவையான சொற்ப விசைதான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் ஃபோர் பை ஃபோரும் அப்படியே நின்றுவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. சுற்றும் சக்கரத்தைக் கணினியே பிரேக் பிடித்து, மறுபக்கம் விசையைத் தள்ளுவது ஒன்று; ஜிம்னியில் இருப்பது அதுதான். செம்பாறையில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது விழித்துக்கொள்ள முதலில் சக்கரம் கொஞ்சம் சுற்றியாக வேண்டும். ஈரக் கரம்பையில் அந்தக் கொஞ்சமே குழி தோண்டிவிடும். மற்றது இயந்திர லாக்கர்: அச்சின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு அச்சிலும் உண்டு. தாரில் பின் லாக்கர் எல்லா வகையிலும் வருவதில்லை; நீங்கள் வாங்கும் வகையில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். லாக்கரைப் போட்டுக்கொண்டு இறுக்கமாகத் திரும்பக் கூடாது. ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும்.

## தார்ச்சாலையில் ஃபோர் ஹை

தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலில் போடும் பார்ட் டைம் அமைப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த சாலையில் போட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வீணாகும்.

## டயரைக் கடைசியில் யோசிப்பது

சீமைக்கருவேல முள் டயரின் அடிப்பகுதியில் குத்தினால் ட்யூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கடையில் பத்து நிமிட வேலை. பக்கச்சுவரில் குத்தினால் ஒட்டு நிற்காது, டயரே மாற்ற வேண்டும். அதனால் ஸ்டெப்னி முழு அளவில் இருக்கிறதா என்பது இங்கே முதல் கேள்வி. மெலிந்த தற்காலிகச் சக்கரம் கொடுக்கும் வண்டியை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து பக்கச்சுவர் உயரம். ஜிம்னியின் 195/80 டயரில் அது 156 மி.மீ. தாரின் 255/65 டயரில் 166. நகர எஸ்.யூ.வி.யின் 215/60 டயரில் 129தான். உயரமான சுவர் இருந்தால்தான் காற்றைக் குறைத்து ஓட்ட முடியும். மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ., கரம்பைக்கு 18 முதல் 20, சரளைக்கு 22 அளவில் வையுங்கள். டயர் நீளவாக்கில் படர்ந்து எடையைப் பரப்பும். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலை ஏறுமுன் பழைய அளவுக்குக் காற்று ஏற்றியாக வேண்டும். அதனால் வின்ச்சுக்கு (வண்டியை இழுத்து எடுக்கும் கயிற்றுச் சுருளி) முன்னால் வாங்க வேண்டியது காற்று கம்ப்ரஸர். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது ஃப்யூஸைப் போக்கும்.

எம்.டி. (மட் டெரைன், சேற்றுக்கான) டயர் மிடுக்காக இருக்கும், வேகமாகத் தேயும், நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிப்பு குறையும். நம் தரைக்கு ஏ.டி. (ஆல் டெரைன், எல்லாத் தரைக்குமான) டயர் போதும்.

## முன்பக்க இரும்புத் தடுப்பு

2017 டிசம்பரில் மத்திய அரசே தடை செய்த பொருள். ஏர்பேக் திறப்பதையும் கெடுக்கும்.

## ஸ்நார்க்கல் மாட்டினால் நீந்தும் என்று நினைப்பது

தாருக்கு நிறுவனம் குறித்த தண்ணீர் ஆழம் 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700. ஸ்நார்க்கல் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயை மட்டுமே உயர்த்தும். ஆல்டர்னேட்டர், அச்சுகளின் மூச்சுக்குழாய், கதவு ரப்பர் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். கண்மாயின் உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழிந்து ஓடும் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இழுப்பு இருந்தால் இறங்கவே வேண்டாம். அங்கே ஆழத்தைவிட ஓட்டம்தான் வண்டியைத் தள்ளும்.

## இழுக்கும் கொக்கியைப் பார்க்காமல் வாங்குவது

முன்னும் பின்னும் சேஸிஸோடு போல்ட் போட்ட கொக்கி இருக்க வேண்டும். லாரியில் ஏற்றிக் கட்ட வைத்திருக்கும் மெல்லிய வளையம் புதைந்த வண்டியை இழுக்க ஆகாது. ட்ரெய்லர் உருண்டையில் கயிற்றை மாட்டி வெடுக்கென்று இழுக்கவே கூடாது. உருண்டை தெறித்தால் உயிரே போகும். கயிற்றின் தாங்குதிறன் வண்டி எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். இரும்புச் சங்கிலி வேண்டாம். இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்கு அப்பால் ஆட்களை நிறுத்துங்கள்.

## பழைய வண்டியைப் பெயிண்ட் பார்த்து வாங்குவது

ஜிப்ஸி, பழைய தார், பொலேரோ கேம்பர் என்று தேடுகிறவர்கள் அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்குங்கள். டக்கென்று ஆட்டம் தெரிந்தால் யூனிவர்சல் ஜாயின்ட் போயிருக்கிறது. முன் நக்கிள் உருண்டையில் ஆயில் வடிந்திருந்தால் சீல் போயிருக்கிறது. இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலையும் திறந்து விரல் விடுங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்த வண்டி. மண்தரையில் ஃபோர் லோ போட்டு முன்னும் பின்னும் ஐம்பது அடி ஓட்டுங்கள். கியர் தானாகக் கழன்று வந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது.

கடைசியாக, சேஸிஸ் சட்டங்களின் உட்பக்கம். கண்மாய்ச் சேறு அங்கே போய் அடைந்து, மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளிருந்தே துருப்பிடிக்கவைக்கும். பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தில் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மொத்தையானால், அங்கே ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பேரம் பேச வேண்டாம், திரும்பிவிடுங்கள். இறங்காவிட்டால் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்த பிறகு விலையைக் கேளுங்கள்.