டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் கமகுரா, எனோஷிமா: குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

டோக்கியோவில் நாலைந்து நாள் கட்டிடமும் கூட்டமுமாகக் கழிந்தபின் பிள்ளைகள் "கடல் எங்கேப்பா?" என்று கேட்க ஆரம்பித்தால், அடுத்த நாள் கமகுராவுக்குக் கிளம்பிவிடுங்கள். டோக்கியோவுக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர், ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழைய கோயில்கள், கடலோரமாக ஓடும் எனோடென் என்ற குட்டி ரயில், மீன் சோறு, பாலம் தாண்டினால் எனோஷிமா தீவு, எல்லாம் ஒரே நாளுக்குள் அடங்கும்.

ஆனால் வரிசை முக்கியம். கோயில்கள் காலையிலேயே திறந்து மாலை 5 மணிவாக்கில் மூடிவிடும், தின்பண்டக் கடைகள் 10 மணிக்கு மேல்தான் சோம்பல் முறிக்கும், நல்ல சாப்பாட்டுக் கடைகளில் 12 மணிக்கெல்லாம் வாசல் வரை ஆள் நிற்கும், சூரியன் மறைவதோ எனோஷிமா பக்கம். அதனால் காலையில் கமகுரா, மதியம் கடலோரம், மாலையில் தீவு. இதைத் தலைகீழாகப் போட்டால் புத்தர் கோயில் வாசலில் பூட்டைத்தான் பார்க்க நேரிடும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

முடிந்தால் வாரநாள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களின் தொடர் விடுமுறை, அப்போது போக வேண்டாம். ஜூனில் ஹைட்ரேஞ்சியா பூக்கும், அழகுதான், ஆனால் மழைக்காலம், அந்தப் பூவைப் பார்க்க ஊரே திரண்டு வரும். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருப்பதால் கடலுக்கு அந்தப்பக்கம் ஃபுஜி மலை தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே குறை, இந்தப் பகுதியில் ஜனவரி 1 முதல் மார்ச் 10 வரை ஷிராசு மீன் பிடிக்கத் தடை, பச்சையாகச் சாப்பிடும் வகை அப்போது கிடைக்காது. அந்த மீன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

படி 2: டிக்கெட், சில்லறை, ஒரு குப்பைப் பை

சூய்கா அல்லது பாஸ்மோ என்ற, பணம் ஏற்றிவைக்கும் ரயில் அட்டை இருந்தால் வழி முழுக்க அதுவே போதும். டோக்கியோ நிலையத்திலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) யோகோசுகா பாதை, ஷின்ஜுகு பக்கம் தங்கியிருந்தால் ஷோனான் ஷின்ஜுகு பாதை, இரண்டும் நேராகக் கமகுராவில் இறக்கிவிடும். ஷின்ஜுகுவிலிருந்து ஒதாக்யு ரயில் நிறுவனம் விற்கும் எனோஷிமா கமகுரா ஃப்ரீபாஸ் செலவைக் குறைக்கும், ஆனால் ஃபுஜிசாவாவில் வண்டி மாறி எனோடெனில் கமகுரா வரை வந்து, அப்புறம் வந்த வழியே திரும்ப வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜேஆரில் நேரே போவதுதான் என் கட்சி. பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு, ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் வரை, கட்டணம் இல்லை, தொடக்கப்பள்ளி வயதில் பாதிக் கட்டணம்.

சில்லறைக் காசும் கொஞ்சம் யென் நோட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கோயில் நுழைவுக்கும் சின்னக் கடைகளுக்கும் தேவைப்படும். தெருவில் குப்பைத்தொட்டி கண்ணிலேயே படாது, தின்ற காகிதத்தைப் போட ஒரு பை கொண்டுபோங்கள். பெரிய பெட்டி வேண்டவே வேண்டாம், கொண்டுவந்துவிட்டால் கமகுரா நிலையத்து லாக்கரில் போட்டுவிட்டு நடங்கள்.

படி 3: 9 மணிக்குள் கமகுரா

கிழக்கு வாசலில் இறங்கி, செர்ரி மரங்களுக்கு நடுவே உயர்த்திக் கட்டிய நடைபாதை வழியாக ட்சுருகவோகா ஹச்சிமன்கு கோயிலுக்கு நடக்கலாம், பத்துப் பதினைந்து நிமிடம். 1063இல் கடற்கரைப் பக்கம் அமைந்த கோயில் இது, 1180இல் மினமோதோ யோரிதோமோ இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார். அவர்தான் 1192இல் ஷோகுன் என்ற படைத்தலைவர் பட்டம் பெற்று இங்கிருந்தே ஆண்டவர், அதாவது நாட்டின் அதிகாரம் கியோத்தோ அரண்மனையை விட்டு நகர்ந்து ஒரு காலம் இந்தக் கடலோர ஊரில் இருந்தது. படிக்கட்டின் இடப்பக்கம் ஒரு பெரிய கிங்கோ மரம் நின்றது. 2010 மார்ச்சில் காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரத்திலிருந்து புதுத் துளிர் விட்டு வளர்வதைப் பார்க்கலாம்.

திரும்பும்போது கொமாச்சி தோரி தெருவழியாக வாருங்கள், கடைகள் திறந்திருக்கும். ஊதா நிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஐஸ்கிரீம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். புறா வடிவ வெண்ணெய் பிஸ்கட்டான ஹாத்தோ சபுரே ஊருக்கு வாங்கிப்போக நல்லது, உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்றால் தகர டப்பாவில் வாங்குங்கள். ஒரு விஷயம்: நடந்துகொண்டே தின்ன வேண்டாம் என்று 2019இல் நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. அபராதமெல்லாம் கிடையாது, ஆனாலும் கடை வாசலில் நின்று தின்றுவிட்டு நகர்வதுதான் மரியாதை.

படி 4: எனோடென் ஏறி ஹாசே

கமகுரா நிலையத்தின் மேற்குப் பக்கத்தில் எனோடென் நடைமேடை. 1902இல் ஓடத் தொடங்கிய இந்தப் பாதை மொத்தமே 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள், பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். மூன்றாவது நிறுத்தம் ஹாசே. அங்கிருந்து நடந்தால் கோதோகு-இன் கோயிலின் பெரிய புத்தர்.

13ஆம் நூற்றாண்டு வெண்கலச் சிலை, பீடம் நீங்கலாக 11 மீட்டருக்கு மேல் உயரம், எடை சுமார் 121 டன். முதலில் சிலையைச் சுற்றி ஒரு மண்டபம் இருந்தது, புயலும் கடைசியாக 15ஆம் நூற்றாண்டின் ஆழிப்பேரலையும் அதைக் கொண்டுபோய்விட்டதாகச் சொல்கிறார்கள், அதற்குப் பிறகு வெயிலிலும் மழையிலுமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சில்லறை கொடுத்தால் சிலையின் வயிற்றுக்குள்ளே போகலாம். உள்ளே இருட்டு, கோடையில் புழுக்கம், ஆனால் துண்டு துண்டாக வார்த்து இணைத்த ஒட்டுகள் சுவரில் தெளிவாகத் தெரியும். அண்ணாந்து பார்த்தால் கழுத்தின் பொள்ளல். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

பக்கத்திலேயே ஹசேதெரா கோயில். 9 மீட்டர் உயர மரத்தாலான பதினோரு முகக் கன்னோன் (பௌத்தர்களின் கருணைத் தெய்வம்) சிலை, கடல் தெரியும் மேல்தளம், தலை குனிந்து போகவேண்டிய ஒரு குகை. நல்ல இடம், படிகளும் அதிகம். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால், தீவில் ஏற வேண்டியதை நினைத்து, இதை விட்டுவிடலாம்.

படி 5: ரயிலில் இடப்பக்கம்

ஹாசேயில் மறுபடி ஏறும்போது போகும் திசையில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். இனாமுராகசாகி தாண்டியதும் வீடுகள் விலகிக் கடல் சட்டென்று திறக்கும். கமகுராகோகோமாயே நிலையத்துக்குப் பக்கத்து ரயில்வே கேட், ஒரு கூடைப்பந்து அனிமேயின் தொடக்கக் காட்சியில் வந்து புகழ்பெற்றது, எப்போதும் படமெடுக்கும் கூட்டம். வீட்டில் அனிமே பைத்தியம் யாரும் இல்லையென்றால் இறங்காதீர்கள். இறங்கினால் நடைபாதையிலேயே நில்லுங்கள், சாலை நடுவே ஓடிப்போய்ப் படம் எடுப்பவர்களால் அங்கே குடியிருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. அப்புறம் கொஷிகோயே பக்கம் ரயில் டிராம் போலக் கார்களுக்கு நடுவே தெருவிலேயே ஓடும். எனக்கு இந்தப் பாதையில் கடலைவிடப் பிடித்தது அதுதான்.

படி 6: மதியச் சாப்பாடு, பதினொன்றரைக்குள்

கொஷிகோயே ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம், அங்கேயோ அடுத்த நிறுத்தமான எனோஷிமாவிலோ சாப்பிடுங்கள். கேட்க வேண்டியது ஷிராசு தோன். ஷிராசு என்றால் நெத்திலி, சாளை வகை மீன்களின் குஞ்சு, விரல்நக நீளம்கூடச் சிலது இருக்காது, சூடான சோற்றின்மேல் குவித்துத் தருவார்கள். இரண்டு வகை. "கமாஅகே" என்றால் உப்புநீரில் வேகவைத்தது, வெள்ளையாக, பஞ்சாக இருக்கும், சோயா சாஸ் இரண்டு சொட்டு விட்டால் பிள்ளைகள்கூட மறுபேச்சில்லாமல் சாப்பிடும். "நாமா" என்றால் பச்சை, கண்ணாடி போல இருக்கும், நாக்கில் வழுக்கும், கடைசியில் லேசான கசப்பு, துருவிய இஞ்சியோடு சேர்த்துத்தான் உண்ண வேண்டும். அன்று பிடித்ததைத்தான் நாமாவாகத் தருவார்கள், கடல் கொந்தளித்துப் படகு போகாத நாளில் இல்லை என்று வாசலிலேயே எழுதியிருப்பார்கள். பல கடைகளில் பாதிக்குப் பாதி கலந்து கேட்கலாம், முதல் தடவைக்கு அதுதான் சரி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மீனே தெரியாத சூப்பிலும் நூடுல்ஸிலும் "தாஷி" என்ற சாறு இருக்கும், அது பெரும்பாலும் காய்ந்த சூரை மீனில் எடுப்பது. நம்மூர் மாசிக் கருவாடும் அதே மீன்தான். கமகுராவில் கென்சோஜி மடத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கென்சின் ஜிரு என்ற காய்கறி சூப் உண்டு, மடத்து முறையில் கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறு எடுப்பார்கள், ஆனால் வெளிக் கடைகளில் மீன் தாஷி சேர்க்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அவசரத்துக்குக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உப்புப் பிளம் வைத்த "உமே" ஒனிகிரி என்ற சோற்று உருண்டை, அதுவும் லேபிளைப் பார்த்து. நம்பிக்கை இல்லையென்றால் காலையிலேயே புளியோதரை கட்டிக்கொண்டு வந்துவிடுவது நிம்மதி.

ஆனால் கட்டுச்சோற்றைக் கடற்கரையில் பிரிக்காதீர்கள். "தொன்பி" எனப்படும் பருந்துகள் மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்கும், பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதை அடித்துக்கொண்டு போய்விடும். விளையாட்டாகச் சொல்லவில்லை, நகம் பட்டுக் காயம் ஆகும். கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

படி 7: தீவு

பாலத்தை நடந்தே கடக்கலாம். ஏறுமுகமான கடைத்தெருவின் தொடக்கத்திலேயே தக்கோ செம்பே, முழு ஆக்டோபஸை மாவோடு சேர்த்துச் சூடான இரும்புத் தகட்டில் அழுத்தி அப்பளமாக்கித் தருவார்கள். ஒன்று வாங்கினால் நாலு பேர் பிய்த்துத் தின்னலாம்.

மேலே போகப் படி உண்டு, 1959இலிருந்து ஓடும் எஸ்கார் என்ற நகரும் படிக்கட்டும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், ஏறுவதற்கு மட்டும்தான், இறங்குவது நம் கால்பாடு. மூட்டுவலிக்காரர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தை வண்டியைத் தீவுக்குக் கொண்டுவராதீர்கள்.

முதலில் வரும் ஹெத்சுமியா கோயிலில் பென்சாய்தென் சிலைகள் இருக்கின்றன. நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்தவள், வீணைக்குப் பதில் கையில் பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம். ஜப்பானின் மூன்று பெரிய பென்தென் தலங்களில் இதுவும் ஒன்று. உச்சியில் தோட்டமும் சீ கேண்டில் கலங்கரை விளக்கமும். தெளிவான நாளில் ஃபுஜியைப் பார்க்க இங்கே ஏறுங்கள். அதற்கும் அப்பால், தீவின் மறுமுனையில் இவாயா குகைகள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் இறங்கிய படியெல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் அங்கிருந்து பாலத்தருகே ஒரு சின்னப் படகு விடுவார்கள், அது ஓடுகிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லையென்றால், வயதானவர்கள் கலங்கரை விளக்கத்தோடு நின்றுகொள்ளட்டும்.

படி 8: திரும்புதல்

மாலையில் பாலத்தைத் திரும்பக் கடந்து, மேற்குப் பக்க மணலில் கொஞ்ச நேரம். அப்புறம் இரண்டு வழி. ஷின்ஜுகு போகிறவர்கள் கதாசே எனோஷிமா நிலையம், கடலடி டிராகன் மாளிகை போலக் கட்டியிருப்பார்கள், உள்ளே ஜெல்லிமீன் தொட்டிகூட உண்டு. வழியில் ஃபுஜிசாவாவில் வண்டி மாற வேண்டியிருக்கலாம்.

டோக்கியோ நிலையப் பக்கம் போகிறவர்கள் ஷோனான் எனோஷிமாவிலிருந்து மோனோரயில் பிடித்து ஓஃபுனா போய் ஜேஆர் மாறுங்கள். தண்டவாளம் மேலே, வண்டி கீழே தொங்கிக்கொண்டு, வீட்டுக் கூரைகளுக்கும் தெருவுக்கும் மேலே 14 நிமிடம் ஆடி ஆடிப் போகும். ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள கண்ணாடிப் பக்கம் பிள்ளைகளை நிறுத்துங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் நடுப்பெட்டி.