குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று: பெங்களூரு பால்கனிக்காக

விதை நன்றாக முளைக்கிறது, அப்புறம் ஒவ்வொன்றாகச் சாய்ந்து செத்துப்போகிறது என்பவர்களுக்காக இது. தொட்டி எது, மாடியில் எங்கே வைப்பது என்பதற்குள் போகவில்லை. விதையிலிருந்து நடவு வரை மட்டும்.

தட்டு, கலவை, விதை

98 குழித் தட்டு ஓசூர், ராயக்கோட்டை பக்கத்து நாற்றுப்பண்ணைகளுக்குச் சரி. அங்கே நிழல்வலை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். பால்கனிக்கு 50 குழித் தட்டுதான் என் கட்சி. குழி பெரிது, வெயிலில் சட்டென்று காயாது. கையில் வளைந்து மடங்குகிற மெல்லிய தட்டை வாங்காதீர்கள், நாற்றோடு தூக்கும்போது கிழியும்.

கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டியை ஊறவைத்து உதிர்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அதில் உள்ள உப்பு போகாவிட்டால் முளையின் நுனி கருகும். மூன்று பங்கு கோகோபீட்டுக்கு ஒரு பங்கு மண்புழு உரம். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம். நாற்றைச் சாய்க்கும் கிருமிகள் அதில்தான் குடியிருக்கின்றன.

தக்காளிக்கு, ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் நல்ல ரகம். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். கலப்பின ரகம் என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்து வைத்துப் பயனில்லை.

சாதா விதை என்றால் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சை) தூளில் புரட்டிக்கொள்ளுங்கள். சாயம் பூசிய விதை பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி நேர்த்தி செய்ததாக இருக்கும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன்மேல் டிரைக்கோடெர்மா தடவுவதும் வீண்.

விதைப்பு

குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே லேசாகக் கலவை. ஈரம் காட்டிவிட்டு பாலிதீன் தாளால் மூடி வீட்டுக்குள் வையுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் எழும். மிளகாய்க்குச் சூடு வேண்டும். 25 முதல் 30 டிகிரி அதற்குப் பிடித்தது. டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு இரவு 15 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும், அப்போது மிளகாய் இரண்டு வாரத்துக்கு மேலும் படுத்திருக்கும். முளைக்கவில்லை என்று கொட்டிவிடாதீர்கள்.

முதல் முளை தலைகாட்டிய அன்றே தாளை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும்.

தண்ணீர்

என்னை நெடுநாள் படுத்தியது இந்த இடம்தான். காலையில் பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கும், தண்டு மட்டும் கலவையைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, நீர் கோத்துச் சாய்ந்திருக்கும். இதுதான் நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகளின் வேலை. ஈரம், காற்றோட்டமின்மை, நெருக்கம் மூன்றும் சேர்ந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஜூலை முதல் அக்டோபர் வரை நம் ஊரில் மேகம் மூடியே கிடப்பதால் தட்டு காய்வதே இல்லை.

கோகோபீட் இதில் நம்மை ஏமாற்றும். மேலே வெளிர்ந்து உலர்ந்தது போலத் தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். கண்ணை நம்பாமல் தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். லேசாக இருந்தால், ஓர் அகலத் தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு அதில் பத்து நிமிடம் வைத்து, எடுத்து வடியவிடுங்கள். காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும். ஸ்பிரே பாட்டிலை முளைத்த பிறகு நான் தொடுவதே இல்லை. அது மேல்பரப்பை மட்டும் நனைத்து நோய்க்கு வழி செய்கிறது.

ஒரு குழியில் சாய்ந்தால் கலவையோடு தோண்டி எறிந்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். பரவினால் மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றுங்கள்.

நடவு

விதைத்ததிலிருந்து தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 40 நாள் வரை. கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்டுங்கள். மாலையில் நடுங்கள். தக்காளியை வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரை புதைக்கலாம், தண்டிலும் வேர் விடும். நட்ட அன்று வாடினால் பயப்பட வேண்டாம்.

பின்சேர்க்கை

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர், கலவையின் மேல் வெள்ளையாகப் பொரிவதாக எழுதியிருந்தார். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அப்படித்தான். அடியிலிருந்தே ஊறவைக்கும்போது உப்பு மேலே தங்கும், அதனால் அவ்வப்போது மழைநீரையோ காவிரித் தண்ணீரையோ மேலிருந்து ஊற்றி நன்றாக வடியவிடுங்கள்.

தட்டைச் சுற்றிக் கொசு போலக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறப்பதாகவும் சிலர் கேட்டார்கள். அவற்றின் புழு வேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று வைத்து, மேல்மண்ணைக் காயவிடுங்கள். கொத்தமல்லி, கீரைக்குத் தட்டே தேவையில்லை, நேராகத் தொட்டியில் தூவிவிடலாம்.