மூன்று மாதத்துக்கு ஒரு பேரிங்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குளிர்நீர் பம்பு ஒன்று, அதன் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கை மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் தின்றுவிடும், அதுவும் நள்ளிரவில். மாற்றுவதற்கு 2 மணி நேரம். 6309 என்ற எண்ணுள்ள பேரிங்கையும், தண்ணீர் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தையும் தேடி அலைவதற்கு அரை நாள்.

ஒருமுறை கழற்றிய பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே குண்டுகள் உருளும் பாதையில் துருப்புள்ளிகள். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தது, தண்ணீர் புகுந்திருக்கிறது. யார், எப்போது, எவ்வளவு கிரீஸ் அடித்தார்கள் என்பதற்குக் குறிப்பே இல்லை. ஒரு ஷிப்டு விட்டதை அடுத்த ஷிப்டு இரட்டிப்பாக அடைத்திருக்கிறது. கிரீஸ் மிகுந்தாலும் பேரிங் சூடேறும் என்பதைப் பலர் இன்னும் நம்புவதில்லை!

இனி பழுதாகும்வரை காத்திருக்கக் கூடாது என்று, மாற்றும் வேலைக்கு வேண்டிய உதிரி, கருவி, ஆள், வேலை அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் முன்பே எழுதிவைத்தேன். பேரிங், சீல், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் மூன்றும் ஒரே பெட்டியில். அதன்பிறகுதான் நாள் குறித்தேன். வியாழன்தோறும் உற்பத்திப் பிரிவோடு உட்கார்ந்து, அடுத்த வாரம் பம்பை நிறுத்தும் நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

“ஓடுகிற பம்பை ஏன் நிறுத்த வேண்டும், அண்ணே?” என்றார் ஆபரேட்டர் தம்பி. துருப்பிடித்த பேரிங்கை அவர் கையில் கொடுத்துச் சுழற்றச் சொன்னேன். கரகரவென்றது.

ஐப்பசி மழைக்கு முன்பே பேரிங், சீல் இரண்டையும் மாற்றி, டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்து, மோட்டார் தண்டும் பம்புத் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி அலைன்மென்டையும் சரிசெய்தோம். அந்தப் புதுப் பேரிங் பதினான்காவது மாதமாக ஓடுகிறது.