தொலைபேசியில் ஆங்கிலம் பேசக் கற்பிப்பது எப்படி?

வேலூரில் என் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தில் மேடையேறிப் பேச விரும்பி வருவதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வரவேற்பு மேசையில் இருப்பவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் அலுவலக வேலை பார்ப்பவர்கள், மருந்துக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள் என்று பலரும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மின்னஞ்சல் பிழையில்லாமல் எழுத வரும். ஆனால் போன் அடித்து, மறுமுனையில் ஆங்கிலம் கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் ‘எஸ் சார், எஸ் சார்’ என்று சொல்லிக்கொண்டே பக்கத்து நாற்காலிக்காரரைத் தேடுவார்கள். இவர்களுக்குக் கற்பிக்க முனையும் ஆசிரியர் முதலில் ஒழிக்க வேண்டியது இந்த ‘எஸ் சார்’தான்.

நேரில் பேசும்போது எதிராளியின் முகமும் கையும் பாதிப் பொருளைச் சொல்லிவிடுகின்றன. சுவரில் இருக்கும் நாட்காட்டியைத் தொட்டுக் காட்டிக்கூட ஒரு தேதியை முடித்துவிடலாம். போனில் அது எதுவும் இல்லை. ஒலியும் முழுதாக வருவதில்லை. சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகிறது. ‘எஸ்’, ‘எஃப்’ ஆகிய எழுத்துகளை வேறுபடுத்தும் சீறல் ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், போனில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். இதை முதல் நாளிலேயே மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். தன் காதில்தான் குறை என்று எண்ணிக் கூசிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பாதித் தைரியத்தைக் கொடுத்துவிடும்.

ஆகவே பாடத்தை ‘ஹலோ’வில் தொடங்காதீர்கள், கேட்காததை மறுபடி கேட்பதில் தொடங்குங்கள். ‘சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்’, ‘குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?’, ‘குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி?’, ‘லெட் மீ ரீட் தட் பேக் டு யூ’ என்னும் நான்கு வாக்கியங்களும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற அளவுக்குப் பழக வேண்டும். இதற்கு ஒரு வாரம் போனாலும் நட்டமில்லை. தடை மொழியில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது. நண்பனிடம் ‘இன்னா?’ என்று பத்து முறை கேட்கத் தயங்காத வட ஆற்காட்டுப் பிள்ளை, பெரியவர் ஒருவர் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்வது மரியாதைக் குறைவு என்று கற்றே வளர்ந்திருக்கிறது. போனில் திரும்பக் கேட்பதுதான் மரியாதை என்பதை ஆசிரியர் சொன்னால் மட்டும் போதாது, செய்தும் காட்ட வேண்டும்.

இது என் சொந்த அனுபவம். ஆசிரியர் வேலைக்கு வருமுன் நான் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் இருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் போனில் ‘தர்ட்டீன் கார்ட்டன்ஸ்’ என்று சொன்னது என் காதில் ‘தர்ட்டி’ என்று விழுந்தது. சந்தேகம் இருந்தும் ‘எஸ் சார்’ என்றேன். பதின்மூன்று பெட்டி போக வேண்டிய இடத்துக்கு முப்பது பெட்டி கட்டப்பட்டு, லாரியில் ஏற்றி, மறுபடி இறக்கப்பட்டது. அன்றைய ஏற்றுகூலியும் இறக்குகூலியும் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டன.

அதனால் எண்களுக்கு என் வகுப்பில் தனி நேரம் உண்டு. ‘டீன்’ என்று முடியும் எண்ணைத் தனியாகச் சொல்லும்போது அழுத்தம் கடைசியில் விழுந்து, அந்த அசை நீளும். ‘டி’ என்று முடிவதில் அழுத்தம் முதலில் விழும். இதைக் காதால் பிரித்தறியப் பழக்குவது நல்லதுதான், ஆனால் அதையே நம்பியிருக்கக் கூடாது. ‘டிட் யூ ஸே ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்?’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்பதே பாதுகாப்பு. நான் அடுத்த அறையிலிருந்து போன் செய்து அறை எண், வாடகை, ரயில் எண், பத்து இலக்கக் கைபேசி எண் என்று இருபது எண்களைச் சொல்வேன். மாணவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு திருப்பி வாசிக்க வேண்டும். ‘டபுள் நைன்’, ‘ட்ரிபிள் ஃபோர்’ என்பவை நமக்கும் பிரிட்டன்காரர்களுக்கும் பழக்கம், அமெரிக்கர்களுக்கு அவ்வளவாக இல்லை. தனித்தனி இலக்கமாகச் சொல்வதே நல்லது. லட்சத்தை ‘ஒன் ஹண்ட்ரட் தவுசண்ட்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

நேரத்திலும் கண்ணி உண்டு. பிரிட்டன்காரர் ‘ஹாஃப் த்ரீ’ என்றால் மூன்றரை மணி. ஜெர்மானியரோ தம் மொழி வழக்கப்படி இரண்டரையை மனத்தில் வைத்து அதையே சொல்லிவிடக்கூடும். ‘டூ தர்ட்டி ஆர் த்ரீ தர்ட்டி?’ என்று உடனே கேட்டுவிட வேண்டும். அது யாருடைய மணி என்பதையும் கேட்க வேண்டும். ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. வங்கதேசம் நமக்கு அரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், டாக்காவிலிருந்து ஒருவர் ‘பத்து மணிக்குக் கூப்பிடுங்கள்’ என்றால் நம் கடிகாரத்தில் அது ஒன்பதரை.

அடுத்து எழுத்துக்கூட்டல். இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள்: பாம்பேயின் முதல் ஆங்கில எழுத்தும் பாரிஸின் முதல் ஆங்கில எழுத்தும் தமிழில் எழுதினால் ‘பி’ என்றுதான் வருகின்றன, டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் ‘டி’ தான். கண்ணுக்கே இந்தக் கதி என்றால் காதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக்கு ஒரு சொல்லாக விமானிகள் பயன்படுத்தும் ஆல்ஃபா (ஏ), பிராவோ (பி), சார்லி (சி) வரிசையை 26 எழுத்துக்கும் மனப்பாடம் செய்ய வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. விடுதி மேசைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. குழப்பம் தரும் எழுத்துகளுக்கு மட்டும், மறுமுனையில் இருப்பவருக்கும் தெரிந்த ஊர்ப் பெயர் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டால் போதும். நம் விடுதிகளுக்குப் பேசுகிறவர்களில் வங்காளிகள் நிறைய. அவர்கள் நம் ஊரையே ‘பேலோர்’ என்றுதான் சொல்வார்கள். குடியாத்தத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த என் மாணவர் ஒருவர், ‘பேலோர்’ என்பதைக் கேட்டதும் ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிட்டாராம். இரு பக்கமும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பேச்சு இது. இங்கே லண்டன் உச்சரிப்பைப் பழக்குவதில் பொழுதைக் கழிப்பது வீண்.

எண்ணும் எழுத்தும் ஓரளவு கைவந்த பிறகு, தமிழிலிருந்து நேராக இறங்கும் வாக்கியங்களைத் திருத்தலாம். ‘போனை வைக்கட்டுமா?’ என்பது ‘ஷல் ஐ கீப் த போன்?’ ஆகிவிடும், கேட்பவருக்கு, போனைத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதுபோல் இருக்கும். அதற்குப் பதில் ‘இஸ் தேர் எனிதிங் எல்ஸ்? தேங்க் யூ ஃபார் காலிங்’ என்று முடிக்கக் கற்றுக்கொடுங்கள். ‘யார் பேசுறது?’ தமிழில் சாதாரணக் கேள்வி. ‘ஹூ ஆர் யூ?’ அதட்டல். ‘மே ஐ நோ ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?’ என்பதே சரி. தன் பெயரைச் சொல்லும்போது ‘ஐ ஆம் குமார் டாக்கிங்’ வேண்டாம், ‘திஸ் இஸ் குமார் ஸ்பீக்கிங்’. முதலாளி வெளியூர் போயிருந்தால் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று சொல்வது இந்தியாவுக்குள் செல்லும். வெளிநாட்டுக்காரர் அவர் காட்பாடி ஜங்ஷனுக்கு வெளியே நிற்கிறார் என்று நினைத்தாலும் வியப்பில்லை. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் அவே டுடே. கேன் ஐ டேக் எ மெசேஜ்?’ என்பதைச் சொல்லிக் கொடுக்கும்போது, ‘அவர் ஊரில் இல்லாததற்கு நான் ஏன் பயப்பட வேண்டும், சார்?’ என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். அது பயமல்ல, ‘மன்னிக்கவும்’ என்பதன் இடத்தில் நிற்கும் சொல் என்று விளக்கினால் போதும்.

பயிற்சிக்கு இருவரை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். முடிந்தால் ஒருவரை மாடிக்கு அனுப்பி உண்மையான கைபேசியிலேயே பேச வையுங்கள். சாலைப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வையுங்கள், பேருந்து ஹாரனும் பாடத்தின் பகுதிதான். இருவரிடமும் வெவ்வேறு சீட்டுகள் இருக்க வேண்டும். அழைப்பவர் சீட்டில் ‘ஞாயிறு இரவு வருகிறோம், நான்கு பேர், பத்து நாள், சமையல் வசதி வேண்டும்’ என்று இருக்கும். எடுப்பவர் சீட்டில் ‘சமையல் வசதியுள்ள அறை செவ்வாய்க்கிழமைதான் காலியாகும்’ என்று இருக்கும். ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியாது. இடையில் இலக்கணப் பிழை வந்தால் குறுக்கிடாதீர்கள். பேச்சு முடிந்ததும் எடுத்தவர் தாளில் எழுதியிருப்பதை அழைத்தவர் சீட்டோடு ஒப்பிட்டு, பெயரும் எண்ணும் நாளும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

கடைசித் தேர்வுக்கு நான் நாள் குறிப்பதில்லை. வேறொரு எண்ணிலிருந்து, மாணவர் எதிர்பாராத நேரத்தில், அறை கேட்கும் ஆளாக ஆங்கிலத்தில் அழைப்பேன். முதல் முறை குரலை அடையாளம் கண்டுகொண்டு ‘சார், நீங்களா?’ என்று தமிழில் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல், ‘சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.