பழங்கால ஸ்லாவியர் எலும்புகளில் பல் சொத்தையைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக் குடியரசின் தென் மொராவியாவில் உள்ள மிகுல்சிட்சே என்னும் இடத்தில் 1954 முதல் நடந்த அகழாய்வுகளில், 9-ஆம் நூற்றாண்டில் ஸ்லாவியர் அமைத்த மகா மொராவிய அரசைச் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்ட புதைகுழிகள் வெளிப்பட்டன. இத்தகைய எலும்புகளில் சொத்தையைக் கணக்கிடுவோரைப் பெரும்பாலும் தடுமாற வைப்பவை, தாடையில் இல்லாமற்போன பற்களே.

ஒரு கீழ்த்தாடையை எடுத்துக்கொள்வோம். அதில் 16 பற்குழிகள். 10 பற்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் 2 சொத்தை. மூன்று குழிகளின் விளிம்பு கூர்மையாகத் திறந்திருக்கிறது. அந்தப் பற்கள் இறந்தபின் மண்ணில் உதிர்ந்தவை. மற்ற மூன்று குழிகள் எலும்பு வளர்ந்து மூடி வழவழப்பாகிவிட்டன. அப்பற்கள் உயிரோடிருந்தபோதே விழுந்தவை. 16-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம், இருக்கும் 10 பற்களால் வகுத்தால் 20. மூடிய குழிகளின் பற்களும் சொத்தையால்தான் விழுந்தன என்று கொண்டால், இருக்கும் 10-உம் விழுந்த 3-உம் சேர்ந்த 13-க்கு 5 என 38 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. எதை எதனால் வகுத்தோம் என்று எழுதாத விகிதத்தை வேறொரு இடுகாட்டின் விகிதத்தோடு ஒப்பிடவே கூடாது. ஒற்றை வேர் கொண்ட முன்பற்கள் மண்ணில் எளிதில் உதிர்ந்துவிடுவதாலும், சொத்தை மிகுதியாகப் பிடிப்பது கடைவாய்ப் பற்களையே என்பதாலும், பல்வகை வாரியாகப் பிரித்து எண்ணுவதே நேர்மையான முறை. வயதையும் பிரித்தாக வேண்டும். முதியோர் அதிகமாகக் கிடக்கும் இடுகாட்டில் சொத்தையும் இயல்பாகவே கூடித் தெரியும்.

கறுத்த பள்ளத்தையெல்லாம் சொத்தை என்று குறிப்பது அடுத்த தவறு. மண்ணின் கறை, பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் உள்ள பள்ள வரிகளில் படியும். ஆய்வூசியால் தொட்டால் உள்ளே குழியிருக்காது.

சர்க்கரை அறியாத மக்களுக்குச் சொத்தை ஏது என்ற முடிவும் பிழையே. மாவுச்சத்தை உமிழ்நீர் உடைக்கும்போது பிறக்கும் சர்க்கரையே பாக்டீரியாவுக்குப் போதும். கஞ்சியும் ரொட்டியும் உண்டவர்களுக்குப் பல்லின் கழுத்தருகே, அதாவது ஈறை ஒட்டிய பகுதியில், சொத்தை விழுந்தது. திரிகைக் கல்லின் துகள்கள் மெல்லும் பரப்பைத் தேய்த்து வரிகளையே அழித்துவிடுவதால், மேற்பரப்பை மட்டும் பார்ப்பவர் கழுத்துச் சொத்தையைத் தவறவிடுகிறார்.

இப்படி 9-ஆம் நூற்றாண்டு எலும்புகளில் கணக்கிடும் விகிதத்தை முந்தைய ஸ்லாவியருக்கும் நீட்டிவிடக் கூடாது. 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் பெரும்பாலும் இறந்தோரை எரித்தார்கள். தீயில் எனாமல் வெடித்துச் சிதறிவிடுவதால், எண்ணுவதற்குரிய பற்கள் அக்காலத்திலிருந்து நமக்கு அரிதாகவே கிடைக்கின்றன.