பி வேல்யூ 0.06 வந்தால் என்ன செய்யக் கூடாது?

ஆய்வேடு கொடுக்கும் மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே ரகம். கடைசியாகப் பேசியவர் நர்சிங் முதுகலை மாணவி. ஆபரேஷனுக்கு முன் இசை கேட்க வைத்தால் நோயாளியின் பதற்றம் குறைகிறதா என்று பார்த்திருக்கிறார். கேட்டவர்கள் 30 பேர், கேட்காதவர்கள் 30 பேர். “சார், பி வேல்யூ 0.06 வந்திருக்கு. இன்னும் பத்து பேரைச் சேர்த்தா 0.05-க்குக் கீழ இறங்கிடுமா?”

இறங்கலாம். வில்லங்கமே அதில்தான் இருக்கிறது.

பி வேல்யூ 0.05-க்குக் கீழே வந்தால்தான் முடிவை ‘சிக்னிஃபிகன்ட்’, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது, என்று எழுதுவது வழக்கம். முதலில் அந்த எண் என்ன என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரோடு வேலை பார்த்தவர் மியூரியல் பிரிஸ்டல். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். 1935-ல் ஃபிஷர் தன் நூலில் இதை ஒரு சோதனையாக எழுதினார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். கலைத்து வைத்து, பால் முதலில் ஊற்றிய நான்கைப் பொறுக்கச் சொல்ல வேண்டும். எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழி உண்டு. ஒன்றும் தெரியாத ஆள் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாக எடுக்க 70-ல் ஒரு வாய்ப்பு. அதாவது 0.014. இதுதான் பி மதிப்பு. ஒரு கோப்பையைத் தவறவிட்டு மூன்றைச் சரியாக எடுத்தால்? அந்த அளவோ அதைவிட நன்றாகவோ குருட்டாம்போக்கில் வர 70-ல் 17 வாய்ப்பு; பி மதிப்பு 0.24-க்கு எகிறிவிடும். ஒரே கோப்பைதான்!

இந்த 0.014-ஐப் பார்த்துவிட்டு “அவருக்குத் திறமை இருக்க 98.6 சதவீதம் வாய்ப்பு” என்று எழுதுகிறவர்கள் ஏராளம்; பேராசிரியர்களும் இதில் அடக்கம். திறமையே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அதையே திருப்பிப் போட்டுத் திறமைக்கு மார்க் கொடுக்க முடியாது. 0.05 என்ற கோடும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று 1925-ல் ஃபிஷர் எழுதினார், அவ்வளவுதான்.

இனி மாணவி கேட்டதற்கு வருவோம். பத்துப் பேரைச் சேர்ப்பது, பார்ப்பது, இறங்கவில்லையென்றால் இன்னும் பத்து. பிரிஸ்டல் தோற்கும்போதெல்லாம் “இன்னொரு ரவுண்டு வைப்போம்” என்று வென்ற இடத்தில் ஆட்டத்தை நிறுத்தினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத தரவைச் சேர்க்கச் சேர்க்க ஐந்து முறை பார்த்து, எப்போது 0.05-க்குக் கீழே வந்தாலும் நிறுத்திவிடுவோம் என்று வைத்துக்கொண்டால், ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதத்தில் நிற்காது. 14 சதவீதத்துக்குப் போய்விடும். இடையில் பார்த்தே ஆக வேண்டிய மருந்துச் சோதனைகளும் இருக்கின்றன. அங்கே எத்தனை முறை பார்ப்போம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொரு முறைக்கும் அந்த 0.05 கோட்டை இன்னும் கீழே இறக்கி இறுக்கிவிடுவார்கள்.

ஆள் சேர்க்க வழியில்லாதவர்கள் ஆளைப் பிரிப்பார்கள். ஆண்களுக்கு மட்டும், நாற்பது தாண்டியவர்களுக்கு மட்டும், முதல் ஆபரேஷன்காரர்களுக்கு மட்டும் என்று எங்காவது ‘சிக்னிஃபிகன்ட்’ என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி விழும்வரை. வித்தியாசமே இல்லாத இடத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனை செய்தால் ஒன்றாவது ‘சிக்னிஃபிகன்ட்’ ஆக 64 சதவீதம் வாய்ப்பு.

இதைக் காட்ட ஐசிஸ்-2 என்ற மாரடைப்பு ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டுச் சேர்ந்த 17,187 நோயாளிகள். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் வாங்கியோரில் 9.4 சதவீதம், வாங்காதோரில் 11.8. சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் இதழின் ஆசிரியர்கள், எந்தெந்த உட்பிரிவுக்கு எவ்வளவு பலன் என்று பிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஆய்வாளர்களும் பிரித்தார்கள், கூடவே ராசிவாரியாகவும்! (நம் ஊர் ராசி அல்ல, பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி.) மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை, கொஞ்சம் கெடுதலாகக்கூடத் தெரிந்தது. மற்ற ராசிக்காரர்களுக்கு அமோகப் பலன். துலா ராசிக்காரருக்கு ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லவா இதைப் போட்டார்கள்? துண்டுதுண்டாகப் பிரித்தால் எதுவும் கிடைக்கும் என்று காட்டத்தான்.

0.05-ஐத் தாண்டிவிட்டால் ‘பலன் இல்லை’ என்று எழுதுவது அடுத்த தவறு. இதற்கும் ஆஸ்பிரினே சாட்சி. 1974-ல் கார்டிஃப் பகுதியில் மாரடைப்பிலிருந்து மீண்ட 1,239 ஆண்களை வைத்துச் செய்த சோதனையில், ஆஸ்பிரின் குழுவில் ஓராண்டில் இறப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் 0.05 கோட்டைத் தொடவில்லை. ‘முடிவாகச் சொல்ல இயலாது’ என்றுதான் எழுதினார்கள், ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதவில்லை. பின்னால் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உறுதியானது.

பி மதிப்பு எவ்வளவு குட்டியோ பலன் அவ்வளவு பெரிது என்று நினைப்பதும் உண்டு. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை ஏறக்குறைய 5 ஆண்டு கவனித்தார்கள். மாரடைப்பு வந்தது ஆஸ்பிரின் குழுவில் ஆயிரத்துக்கு 9 பேருக்கு, மற்றதில் 17 பேருக்கு. பி மதிப்போ 0.00001-க்கும் கீழே. ஆயிரத்தில் எட்டுப் பேருக்காக மற்றவர்களும் ஐந்து வருடம் மாத்திரை போட வேண்டுமா, வயிற்றில் ரத்தக்கசிவு வந்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் அந்த எண்ணிடம் பதில் கிடையாது.

மாணவியிடம் பத்துப் பேரும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம் என்றேன். சராசரி வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால் அவருக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. இரண்டு பக்கம் தள்ளித் தேடினார். இசை கேட்டவர்களுக்குப் பதற்ற மதிப்பெண் 2.4 குறைந்திருந்தது. 95 சதவீத நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று தரவு காட்டும் எல்லையை, போடச் சொன்னேன்: 0.1 கூடியிருப்பதிலிருந்து 4.9 குறைந்திருப்பதுவரை. இதை அப்படியே எழுதுங்கள், பி வேல்யூ 0.06 என்பதையும் மறைக்காமல் பக்கத்திலேயே போடுங்கள் என்றேன்.

“கைடு ஒத்துக்குவாங்களா சார்?” என்றார்.